முதல் இழுப்பு

இயந்திரங்களின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு வேகம், எந்த ஆண்டில் எந்தப் பந்தயத்தில் முந்தியது என்று கணக்கு நீளும். ஓடாமல் நிற்கும் இயந்திரத்தைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. படகின் பின்னால் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாருக்கு இந்த முறை பொருந்தவே பொருந்தாது என்பது என் எண்ணம். விடியலுக்கு முன் கரையில் நிற்பவனுக்கு அது பத்துக் குதிரைத்திறனா பதினைந்தா என்பது அப்புறம். கயிற்றை இழுத்தால் பற்றுமா பற்றாதா என்பதுதான் அவனுடைய கேள்வி. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் இந்த இயந்திரத்தின் நூற்றாண்டு வேறு விதமாகத் தெரிகிறது. தமிழ் படித்துத் தமிழ் சொல்லிக்கொடுப்பவனுக்குக் கார்புரேட்டரில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். திமில், அம்பி, பஃறி என்று மரக்கலங்களுக்குப் பெயர் வைத்த மொழியில், இன்று கடலுக்குப் போகும் கலத்தைத் தள்ளுகிற பொருளைப் பற்றி நாலு பக்கம் கூட இல்லையே என்ற குறைதான் காரணம்.

தொடக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கழற்றி மாட்டக்கூடிய படகு இயந்திரத்தை முதலில் ஓட்டிக்காட்டிய குஸ்தாவ் துரூவே என்ற பிரெஞ்சுக்காரர், 1881இல் பாரிஸின் சேன் நதியில் ஓட்டியது மின் மோட்டார். மின்சாரத்துக்குச் சோக் தேவையில்லை, கயிறு தேவையில்லை, காலைக் குளிர் பொருட்டில்லை. விசையைத் தட்டினால் சுழலும். அதாவது, குளிரில் கிளம்ப மறுக்கும் தொல்லை இல்லாமலேயே இந்த இயந்திரம் பிறந்தது. அன்றைய மின்கலங்களின் எடையும் ஆயுளும் அதை வளரவிடவில்லை. பெட்ரோல் வந்தது, பெட்ரோலோடு தொல்லையும் வந்தது.

அமெரிக்காவில் காமரன் வாட்டர்மன் என்பவர் பெட்ரோலில் ஓடும் அவுட்போர்டு மோட்டார்களைச் சில ஆண்டுகள் முன்னதாகவே விற்றிருந்தாலும், ஊர் நினைவில் நின்ற பெயர் ஓலே ஏவின்ரூட். 1877இல் நார்வேயில் பிறந்து சிறுவயதில் பெற்றோருடன் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர். 1906இல் ஒரு வெயில் நாளில், பின்னாளில் மனைவியான பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியின் மறுகரைக்குத் துடுப்பு வலித்துப் போய்த் திரும்புவதற்குள் அது உருகிவிட்டது, அதில் பிறந்ததே இந்த எண்ணம் என்று ஒரு கதை சொல்வார்கள். கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிய இத்தகைய கதைகளை நான் தலபுராணங்களைப் படிக்கும் மனநிலையில்தான் படிப்பது. ஆனாலும் வெப்பத்தால் பிறந்ததாகச் சொல்லப்படும் பொருள் வாழ்நாள் முழுக்கக் குளிரோடு மல்லுக்கட்டியது என்பது ரசிக்கத்தக்க முரண்.

1909இல் விற்பனைக்கு வந்த ஏவின்ரூட் இயந்திரம் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை 62 பவுண்டு, விலை 62 டாலர். அதைக் கிளப்பும் விதத்தைப் படிக்கும்போது கை கூசுகிறது. இயந்திரத்தின் தலையில் கிடையாகச் சுழலும் ஒரு கனத்த சக்கரம். அதன் விளிம்பில் ஒரு குமிழ். குமிழைக் கையால் பற்றிச் சக்கரத்தை எதிரழுத்தம் தட்டும் வரை முன்னும் பின்னும் ஆட்டி, ஒரே வீச்சில் சுற்றிவிட வேண்டும். பற்றிக்கொண்டால் அந்தக் குமிழும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். கையை எடுக்கத் தாமதித்தவன் விரல் மூட்டுகள் அகப்பட்டுக்கொள்ளும். பழைய இயந்திரங்களைச் சேகரிப்பவர்கள் இவ்வகையை இன்றும் ‘மூட்டு உடைப்பான்’ என்ற பொருள்படும் பெயரால் குறிப்பிடுகிறார்கள். துடுப்புகளை எறிந்துவிடும்படி சொன்ன அதன் புகழ்பெற்ற விளம்பர வாசகம் பெஸ் எழுதியது என்பர். குமிழைப் பற்றி அந்த விளம்பரம் பேசவில்லை.

குளிர்ந்த இயந்திரம் ஏன் முரண்டு பிடிக்கிறது? திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவி காற்றோடு தக்க அளவில் கலந்தால்தான் எரியும். எடைக்கணக்கில் ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். இயந்திரம் சூடாக இருக்கும்போது உள்ளே வரும் துளிகளெல்லாம் ஆவியாகிவிடும். குளிர்ந்து கிடக்கும்போது பெட்ரோலின் மெல்லிய பகுதி மட்டுமே ஆவியாகும். மீதி சுவர்களில் ஈரமாகப் படிந்துவிடும். எனவே உள்ளே போகும் காற்றை அடைத்து எரிபொருளின் பங்கைப் பல மடங்கு கூட்டுகிறோம். சோக் என்பது இவ்வளவுதான், காற்றுக்கு ஒரு தற்காலிகக் கதவு. அந்தக் காலத்து இயந்திரங்கள் பலவற்றில் உருளையின் தலையிலேயே ஒரு சின்னக் கிண்ணமும் திருகும் இருந்தன. அதில் சில சொட்டுப் பெட்ரோலை ஊற்றித் திறந்துவிட்டால் நேராக உள்ளே இறங்கும். சொட்டு குறைந்தால் பற்றாது. கூடினாலோ பொறி தரும் பிளக் நனைந்து, அப்போதும் பற்றாது. இந்த இரு தோல்விகளும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சங்கடம். முதல் தோல்விக்கு இன்னும் எரிபொருள் வேண்டும். இரண்டாவதற்கு உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். முதலாவது என்று நினைத்து இரண்டாவதை மோசமாக்குவது எல்லா நாட்டிலும் நடப்பது.

எரிபொருள் ஒரு பாதி; பொறி மறு பாதி. பின்னால் வந்த இயந்திரங்களில் சுழலும் சக்கரத்துக்குள்ளேயே காந்தத்தை வைத்து மின்சாரம் எடுத்தார்கள். மின்கலத்தைத் தூக்கிச் சுமக்கும் வேலை ஒழிந்தது. ஆனால் காந்தம் வேகமாகச் சுழன்றால்தான் வலுவான பொறி வரும். கையால் மெதுவாகச் சுற்றும் முதல் சுற்றில், அதாவது பொறி மிகவும் தேவைப்படும் தருணத்தில், அது மிகவும் பலவீனமாக இருக்கும். ஏவின்ரூட்டுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. மனைவியின் உடல்நலம் குன்றியதால் 1914இல் நிறுவனத்தைப் பங்காளிக்கு விற்றுவிட்டு, ஐந்து ஆண்டு போட்டியிடுவதில்லை என்ற ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு ஒதுங்கியிருந்தவர், திரும்பி வந்து எல்டோ என்ற பெயரில் அலுமினிய இயந்திரத்தை வெளியிட்டார். அதில் மறுபடி மின்கலத்தையே நாடினார். சக்கரத்தைக் கால் சுற்று தட்டினால் போதும், கிளம்பிவிடும் என்பது எல்டோவின் பெருமை. எடைக்குறைப்பைத்தான் அதன் சாதனையாகச் சொல்வது வழக்கம். எனக்கென்னவோ அந்தக் கால் சுற்றுதான் பெரிய சாதனையாகப் படுகிறது. பின்பு கயிறு வந்தது. தானே சுருண்டுகொள்ளும் கயிறு வந்தது. வசதி உள்ளவர்களுக்குச் சாவி வந்தது.

ஏவின்ரூட்டின் தொடக்ககால வாடிக்கையாளர்களில் ஸ்காண்டிநேவிய மீனவர்கள் கணிசம். ஏரிகளில் உல்லாசமாகப் போகிறவர்களுக்காக நினைக்கப்பட்ட கருவியைப் பிழைப்புக்கான கருவியாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே நார்வே நாடு அரை நூற்றாண்டு கழித்து நம் பக்கம் வந்தது. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கியது. உள்ளூர் வள்ளங்களிலேயே இயந்திரம் பொருத்தலாம் என்ற முதல் யோசனை சரிப்படவில்லை. பிறகு உள்ளே டீசல் இயந்திரம் வைத்த புதிய படகுகள் வந்தன. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏற, இழுவைமடிப் படகுகள் பெருகின. அடுத்த கால் நூற்றாண்டில் மேற்குக் கரையிலும் தென்கரையிலும் மரமும் வள்ளமும் வைத்திருந்தவர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் நடந்த சண்டைகளை இங்கே விரிக்க இடமில்லை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலைப் படித்தவர்களுக்கு, வள்ளத்துக்கும் லாஞ்சுக்கும் நடுவே இருந்த பகை நினைவிருக்கும். நம் இலக்கியத்தில் இயந்திரம் கடலுக்குள் நுழைந்தது பகையாளியாகத்தான்.

1980இல் கேரளமும் 1983இல் தமிழ்நாடும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. கரையோரம் சிறு தொழிலாளருக்கு, அதற்கப்பால் விசைப்படகுகளுக்கு என்று தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று கடல்மைலில் கோடு கிழித்தது. கடலில் கிழித்த கோட்டை யார் மதித்தார்கள் என்பது வேறு கதை. அந்தப் பத்தாண்டில்தான் அவுட்போர்டு மோட்டார் சிறிய கலங்களுக்குப் பரவலாக வந்து சேர்ந்தது. சொகுசுக்காக யாரும் கடன்பட்டு அதை வாங்கவில்லை. கரைக்காற்றில் பாய் விரித்துப் போய்க் கடற்காற்றில் திரும்புகிறவன், காற்றுக்குக் காத்திராதவனோடு போட்டியிட வேறு வழியிருக்கவில்லை. கட்டுமரத்துக்கு இயந்திரம் மாட்டத் தோதான தட்டையான பின்பலகை கிடையாது. முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியர் உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்கிப் பார்த்த முயற்சிகள் இந்தக் காலத்தவை. அந்த அனுபவத்தை அவர் 1985இல் ஆங்கிலத்தில் நூலாகவே எழுதினார். சிறியது கடினம் என்று பொருள்படும் அதன் தலைப்பை, சிறியதே அழகு என்று சொல்லித் திரிந்த காலத்தின் மீதான குட்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இயந்திரம் வந்தது. அதற்குப் பெட்ரோல் வாங்கிக் கட்டுப்படியாகாது. மானிய விலையில் கிடைத்த மண்ணெண்ணெய்தான் கதி. யமஹா, சுசுகி நிறுவனங்கள் அழுத்த விகிதத்தைக் குறைத்து மண்ணெண்ணெயில் ஓடும் வகைகளைச் செய்து தந்தன. குளிர் என்ற சொல்லுக்கே இந்த இடத்தில் பொருள் மாறிவிடுகிறது.

பெட்ரோலின் மெல்லிய பகுதி 35 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். சுழியத்துக்குக் கீழ் 40 டிகிரியிலும் தீப்பற்றும் அளவுக்கு அதிலிருந்து ஆவி எழும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவது 150 டிகிரியைத் தொட்ட பிறகு. ஏறத்தாழ 35, 40 டிகிரிக்குச் சூடேற்றினாலன்றி, பற்றிக்கொள்ளத் தக்க ஆவி அதன் மேல் நிற்காது. கன்னியாகுமரிக் கடற்கரையில் அதிகாலை மூன்று மணிக்கு 25 டிகிரி இருக்கும் என்று வையுங்கள். சட்டையில்லாமல் நிற்கிறவனுக்கு இதமான காற்று. மண்ணெண்ணெய்க்கோ அது கடுங்குளிர். விஸ்கான்சினின் பனிக்காலம் பெட்ரோலுக்குச் செய்ததைவிடக் கொடுமையானதை நம்முடைய கோடைக்காலம் மண்ணெண்ணெய்க்குச் செய்கிறது. வெப்பமண்டலத்தில் வாழ்கிறவர்களுக்கு இயந்திரம் குளிரில் கிளம்பாத தொல்லை கிடையாது என்று நினைக்கிறவர்கள், எண்ணெயை மறந்துவிட்டு வானிலையை மட்டும் பார்க்கிறார்கள்.

எனவே இரண்டு தொட்டிகள். சின்னதில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய், நடுவே மாற்றிவிடும் குழாய்த் திருகு. பெட்ரோலில் கிளப்பி, சில நிமிடம் ஓடவிட்டு, உடல் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சீக்கிரம் மாற்றினால் எரியாத எண்ணெய் பிளக்கில் கரியாகவும் பிசினாகவும் அடையும். தாமதித்தால் காசு கரியாகும். இரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தைக் காதுதான் சொல்லும். அடுத்த விதி இன்னும் முக்கியம். கரை நெருங்கும்போது, அணைப்பதற்கு முன், மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் தங்கும். நாளைக் காலையின் முதல் இழுப்புக்கு அது உதவும். அலுப்பிலோ, கரையில் ஏலம் தொடங்கிவிட்ட அவசரத்திலோ மறந்தால், மறுநாள் இருட்டில் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் இருக்கும். கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் பயனில்லை.

கடற்கரை ஊர்களிலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவர்களிடம் இதைப் பற்றிக் கேட்பதுண்டு. ஒருவன் சொன்னான்: “அது காலையில பெட்ரோல் குடிச்சாத்தான் சார் எழும்பும். ராத்திரியே குடுத்துப் படுக்க வைக்கணும்.” இயந்திரவியல் பாடநூல் இரண்டு பக்கத்தில் சொல்வதை அவன் இரண்டு வரியில் சொல்லிவிட்டான். கடலில் வலை விட்டுக் காத்திருக்கும்போதும் இதே கணக்கு ஓடும் என்றும் அவன்தான் விளக்கினான். கொஞ்ச நேரம்தான் என்றால் சூடு ஆறாது, மண்ணெண்ணெயிலேயே அணைக்கலாம். நெடுநேரம் என்றால் அணைக்குமுன் திருகை மாற்றியாக வேண்டும். எவ்வளவு நேரம் என்பது மீனையும் நீவாட்டையும் பொறுத்தது. கடலறிவும் இயந்திர அறிவும் ஒரே மனிதனின் தலைக்குள் ஒன்றையொன்று கலந்தாலோசிக்கும் இந்த இடத்தை எந்தக் கையேடும் தொட்டிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கிளம்பாவிட்டால் என்ன ஆகும்? ஒரு நாள் தொழில் போகும், அவ்வளவுதானே என்று நகரத்தில் இருப்பவர் நினைக்கலாம். துறைமுகம் இல்லாத கரையில் வள்ளத்தை அலைக்குள் தள்ளி, ஆழம் வந்ததும் தூக்கி வைத்திருக்கும் இயந்திரத்தை இறக்கி, அடுத்த பெரிய அலை எழுமுன் கிளப்பியாக வேண்டும். அங்கே பற்றவில்லையென்றால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். குறுக்கே திரும்பிய வள்ளத்தை அலை கவிழ்க்கும். ஆகவேதான் இயந்திரம் வந்த பிறகும் துடுப்பை யாரும் எறிந்துவிடவில்லை.

இருட்டில் நின்றுகொண்டு பழுதைத் தேடும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தொட்டியின் காற்றுத் துளையைத் திறந்தோமா, ரப்பர் பல்ப் அமுக்கினால் இறுகுகிறதா என்று பார்ப்பார்கள். பாதிப் பிணிகள் இங்கேயே தீர்ந்துவிடும். பல்ப் இறுகாமல் தொளதொளத்தால் எங்கோ காற்று புகுகிறது. பிறகு பிளக்கைக் கழற்றி முகர்வார்கள். உலர்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் மிஞ்சி வந்துவிட்டது. சோக்கை முழுக்கத் திறந்து, பிளக் இல்லாமலேயே கயிற்றைச் சில தடவை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றலாம். மண்ணெண்ணெய் வாடை என்றால் நேற்றைய மறதி. கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி வடித்துவிட்டுப் பெட்ரோல் நிரப்ப வேண்டும். வடித்த எண்ணெயை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தால், கலந்திருக்கும் தண்ணீர் அடியில் முத்து முத்தாக உருண்டு நிற்கும். அடுத்தது பொறி. எண்ணெய் ஈரத்தைத் துடைத்துவிட்டு, பிளக்கைக் கம்பியோடு மாட்டி இயந்திர உடலில் தொடவைத்துக் கயிற்றை இழுத்தால், நீலமாகச் சொடுக்க வேண்டும். பகலில் கண்ணுக்குச் சரியாகப் படாத பொறி இருட்டில் நன்றாகத் தெரியும் என்பது விடியலுக்கு முன் தொழிலுக்குப் போவதில் உள்ள ஒரே அனுகூலம். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் உப்புக்காற்று எங்கோ தின்றிருக்கிறது. பிளாட்டினம் முனைகள் இருந்த காலத்தில் அவற்றைத் தேய்த்துவிடுவதே அன்றாட வேலை. மின்னணுப் பெட்டி வந்த பிறகு அது குறைந்தது. பெட்டியே போய்விட்டால் கரையில் நின்று செய்வதற்கும் ஒன்றுமில்லாமல் போனது. எல்லாம் சரியாக இருந்தும் கயிறு எதிர்ப்பே இல்லாமல் வருமானால் உருளையின் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் போய்விட்டது. அதற்கு வைத்தியம் பட்டறையில்தான். மூக்கும் கண்ணும் கையும் முறைவைத்து விசாரிக்கும் இந்த ஒழுங்கு, கையேட்டு மொழி தெரியாத மனிதர்களிடையே வாய்மொழியாகவே பரவியது. அரசு ஆவணங்கள் இந்தக் கருவியை ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’ என்கின்றன. அந்தப் பெயரைச் சொல்லிக் கரையில் யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

கடலில் கற்ற இந்தப் பாடத்தை நிலத்திலும் படித்த ஒரு தமிழ்ச் சமூகம் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் ஏறக்குறைய மருந்துபோல ஆகிவிட்டது. மோட்டார் சைக்கிள்களையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சின்னக் குப்பியில் பத்திரப்படுத்திய பெட்ரோலைச் சில சொட்டு விட்டு வண்டியைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு விட்டார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே வாழ்ந்தவர்களுக்கு அந்தப் புகையின் வாடை மறக்காது. 1909இன் கிண்ணமும் திருகும் வேறு கடலோரத்தில் வேறு நெருக்கடியில் மறுபிறவி எடுத்ததாக எனக்குத் தோன்றும். கடலுக்குப் போனவர்களுக்கோ எரிபொருளோடு மற்றத் தடைகளும் இருந்தன. போகக்கூடிய தூரத்துக்கும் இயந்திரத்தின் குதிரைத்திறனுக்கும்கூட வரம்பு விதிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரையில் கட்டுமரங்கள் வேகமாகக் குறைந்து கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. சோழமண்டலக் கரையில் அவற்றில் பெரும்பாலும் நீண்ட தண்டு கொண்ட டீசல் இயந்திரங்கள். டீசலுக்குப் பொறியும் வேண்டாம், சோக்கும் வேண்டாம். அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அதைச் சுற்றிவிடத் தோள்பலம் வேண்டும் என்பது தனிச் சங்கதி. மண்ணெண்ணெயின் நாட்கள் மெல்லச் சுருங்குகின்றன. இந்தியாவில் நியாயவிலைக்கடை மண்ணெண்ணெய்க்கு ஒன்றிய அரசு தந்துவந்த மானியம் 2020இல் இல்லாமல் ஆனது. இலங்கையில் 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. அங்கே சிறு படகுகள் பெருமளவில் அதை நம்பியே ஓடின. புதிய நான்கு வீச்சுப் பெட்ரோல் இயந்திரங்களில் எரிபொருளின் அளவைக் கணிப்பொறியே தீர்மானிக்கிறது. சோக் இல்லை, மாற்றுத் திருகு இல்லை. விலைதான் இருக்கிறது.

ஏவின்ரூட் என்ற பெயரில் புதிய இயந்திரங்கள் இப்போது வருவதில்லை. அந்தப் பெயரைத் தாங்கிய அமெரிக்க நிறுவனம் 2000 டிசம்பரில் நொடித்தது; பெயரை வாங்கிய கனடா நிறுவனம் 2020இல் உற்பத்தியை நிறுத்தியது. துரூவே சேன் நதியில் ஓட்டிய மின் மோட்டாரோ, எடை குறைந்த மின்கலங்களோடு கடைகளுக்குத் திரும்பி வந்திருக்கிறது.